தும்பரிக்கு அர்த்தம் கேட்ட ராசா

முன்னொரு காலத்தில், ராசாக்களுக்கு வேலை கம்மியாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், விசயபூபதி என்று ஒரு ராசா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் அவரும் தூங்க மாட்டார், அரண்மனையையும் தூங்க விடமாட்டார்.

அந்த வருஷம் அரண்மனை மேல்மாடத்துக்குச் சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். தளம் இறுக வேண்டுமானால் பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் நாள் முழுக்கத் தட்ட வேண்டும். கை சலிக்காமல் இருக்கப் பாட்டும் வேண்டும். மூக்காயி என்ற இளம்பெண் பாட்டெடுப்பாள், மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். கட்டைச் சத்தத்தில் பாட்டு முழுதும் கீழே கேட்காது. ஒரே ஒரு அடி மட்டும் சத்தத்தை மீறிக்கொண்டு ராசாவின் காதுக்கு வந்தது.

'தும்பரி தும்பரி தொய்யாலோ!'

அவ்வளவுதான், ராசாவின் நாக்கில் அது குடியேறிவிட்டது. குளிக்கும்போது தும்பரி, சாப்பிடும்போது தும்பரி. ஒரு திருடனுக்குத் தண்டனை சொல்ல எழுந்தவர், "உனக்குத் தும்பரி தும்பரி..." என்று ஆரம்பித்துவிட்டார். திருடனே சிரித்துவிட்டான்.

ராசாவுக்கு வெட்கமாகப் போயிற்று. புலவர்களைக் கூப்பிட்டு அதற்கு அர்த்தம் கேட்டார். ஒருவர் அது தூரதேசத்து மொழி என்றார். இன்னொருவர் அது ஒரு மூலிகை, வயிற்று வலிக்கு நல்லது என்றார். தலைமைப் புலவர் ஆவுடையப்பர் மட்டும் எழுந்து நின்று பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். ராசா தன் செய்யுளைக் கேட்டுக் கொட்டாவி விட்டதும், இந்தத் தும்பரியை விடாமல் முணுமுணுப்பதும் அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல்.

"அரசே, அது அர்த்தமற்ற உளறல். அர்த்தமில்லாத ஒன்று அரசரின் நாவைப் பிடித்து ஆட்டுகிறது என்றால் அது சூனியம். பாடியவளை நாடு கடத்த வேண்டும்!"

சபையில் நல்லக்குட்டி என்ற கோமாளி இருந்தான். ராசாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. "அர்த்தம் இருந்தால், அரசே?" என்று கேட்டான்.

"இருந்தால் பௌர்ணமிக்குள் கொண்டுவரட்டும். இல்லாவிட்டால் அவளோடு இவனும் எல்லையைத் தாண்டட்டும்" என்று முந்திக்கொண்டார் புலவர். ராசாவும் தலையாட்டிவிட்டார்.

நல்லக்குட்டி மேல்மாடத்துக்கு ஏறினான். "தாயி, நீ பாடுற தும்பரிக்கு என்ன அர்த்தம்? சொல்லலைன்னா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டணும்."

மூக்காயியின் முகம் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கட்டையைத் தட்டினாள். பக்கத்தில் இருந்தவள்தான் வாயைத் திறந்தாள். "பாட்டை முழுசாக் கேளுங்கண்ணே, தானா வெளங்கும்."

எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

'வடக்க போன மேகமெல்லாம்
வாசலுக்கு வந்திருச்சு
கோட்டைக் காவல் போன எங்க
தும்பரி தும்பரி தொய்யாலோ
இன்னும் வந்து சேரலையே.'

"அது அவ வீட்டுக்காரரு பேரு வர்ற எடம்ணே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "புருசன் பேரை எவளாவது வாயால சொல்லுவாளா? கல்யாணமான புதுசுல, 'என்னை என்னன்னுடி கூப்பிடுவே'ன்னு அவரு கேட்டாராம். இவ இப்படி ஒண்ணு உண்டாக்கிச் சொன்னாளாம். தாலியோட மஞ்சள் காயறதுக்குள்ள அவரை வடக்குக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

மூக்காயி அப்போதுதான் பேசினாள். "எல்லை தாண்டிப் போகச் சொன்னாப் போறேண்ணே. ஆனா அவரு திரும்பி வந்தா என்னை எங்கன்னு தேடுவாரு?"

நல்லக்குட்டி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே சபைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

ஆவுடையப்பர் விடுவாரா? "நல்ல கதை! பெயர் என்றால் கூப்பிட்டால் ஆள் வர வேண்டும். இந்த உளறலுக்கு எவன் வருவான்?"

"கூப்பிட்டுப் பார்த்துவிடுவோம்" என்றான் நல்லக்குட்டி. "அரசே, நான் கூப்பிட்டால் ஏமாற்று என்பார். மூக்காயி கூப்பிட்டால் சூனியம் என்பார். ஆகையால் புலவரே வடக்குக் கோட்டைக்கு வரட்டும், அவர் வாயாலேயே கூப்பிடட்டும். நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். யாரும் வராவிட்டால் அங்கிருந்தே நான் எல்லையைத் தாண்டிக்கொள்கிறேன்."

ராசாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "ஆகட்டும், இருவரும் புறப்படுங்கள்!" என்றார். ராசா சொன்ன பிறகு புலவர் என்ன செய்வார்?

கோட்டை வாசலில் மாட்டு வண்டி நின்றது. காவலர்கள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நேரம். பொன்னாடையும் ருத்திராட்சமுமாக ஆவுடையப்பர் இறங்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாய்கூடத் திரும்பிப் பார்க்காத மெல்லிய குரலில் பாடினார்.

நல்லக்குட்டி வாயைப் பொத்தியபடியே கையை உயர்த்தி, இன்னும் உரக்க என்று சைகை காட்டினான்.

"தும்பரி தும்பரி தொய்யாலோ!"

காவலர்கள் புரையேறச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து ஓடி வந்தான். புலவரைத் தாண்டி வண்டிக்குள் பார்த்தான், வண்டிக்குப் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. பிறகுதான் புலவரின் முகத்தைப் பார்த்தான்.

"சாமி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவ... உசுரோடதானே இருக்கா?"

ஆவுடையப்பர் வாழ்நாள் முழுதும் எத்தனையோ செய்யுள் பாடியவர். எதைக் கேட்டும் ஒருவரும் இப்படி ஓடி வந்ததில்லை. அவர் அந்த எச்சில் கையைப் பிடித்துக்கொண்டார். "நன்றாக இருக்கிறாளப்பா. உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். வா, வண்டியில் ஏறு" என்றார்.

பௌர்ணமிக்கு முன்பே அவனைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினான் நல்லக்குட்டி. "அரசே, அர்த்தத்தைக் கொண்டுவரச் சொன்னீர்கள். இதோ, மீசையோடு வந்திருக்கிறது."

தூண் ஓரத்தில் நின்ற மூக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ராசாவைக் கும்பிடக்கூட மறந்து அவளையே பார்த்தான். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உன் உண்மையான பெயர் என்னப்பா?" என்று கேட்டார் ராசா.

"கட்டையன், மகராசா."

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். "அவள் வைத்ததே அழகாக இருக்கிறதே!" என்றார். இனி அரண்மனை வாசலிலேயே காவல் என்று அவனுக்கு உத்தரவு போட்டார். நல்லக்குட்டிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். அவனோ அதைக் கொண்டுபோய் ஆவுடையப்பர் கழுத்தில் போட்டான். "பாடியவர் இவர். நான் வாயைத் திறக்கவே இல்லையே!" என்றான். புலவர் மறுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

சபை கலைந்ததும் ராசா அந்தப்புரத்துக்குப் போனார். ராணி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"தேவி, தனியாக இருக்கையில் என்னை நீ என்னவென்று கூப்பிடுவாய்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

ராணி தலை நிமிராமலே கையிலிருந்த வெற்றிலையை மடித்து முடித்தார். அப்புறம் மெல்லிய குரலில் ஏதோ ஒன்றைப் பாடினார். அது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ராசா அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. அருகே போய் உட்கார்ந்து, "இதோ வந்துவிட்டேன்" என்றார்.