வாய்க்கால் மேல் கட்டிய கூடம்

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இரவுக்குள் புயல் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் ஏரியின் வடிகாலான கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்திருந்தது. வழிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் கீழத்தெருப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ஊரே மணல் மூட்டை சுமந்தது. ஒரு வரிசை அடுக்கி நிமிர்ந்தால், தண்ணீரும் கூடவே ஏறியிருக்கும். பேசக்கூட யாருக்கும் தெம்பில்லை.

சுமந்தவர்களில் சடையப்பரும் ஒருவர். ஏரிக்கரை மடத்துச் சீடர். குரு நாச்சியாரம்மாளைவிட வயதில் ரொம்பப் பெரியவர். "தலை நரைச்சு பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று சிரிக்கிற நிலையில் இல்லை. தோள் உரிந்து போய் மடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நாச்சியாரம்மாள் சுக்குக் கஷாயம் கொடுத்தார்.

"குடிங்க ஐயா."

"கையைத் தூக்க முடியல அம்மா. இதுக்கு மேல மனுஷனால ஆகாது. நீங்க கொஞ்சம் வேண்டிக்கக் கூடாதா?"

"என்னன்னு வேண்டிக்கணும்?"

"தண்ணி வேற பக்கம் போகணும்னு."

"எந்தப் பக்கம் ஐயா?"

சடையப்பர் கஷாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் எழுந்தார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். சடையப்பர் பின்னாலேயே போனார். எங்கே போகிறார் என்று பாதி வழியிலேயே புரிந்துவிட்டது.

கலங்கலுக்குக் கீழே அன்னதானக் கூடம் நின்றது. ஏரி நிரம்பாத வருஷங்களில், காய்ந்து கிடந்த வாய்க்கால் மேல் சடையப்பர் கட்டியது. காய்ச்சலில் போன ஒரே மகன் குமரவேல் பெயரில் கட்டியது. வாசலில் அவன் பெயர் வெட்டிய கல் இருந்தது. கட்டும்போது யாரும் தடுக்கவில்லை. "இனிமே எங்க தண்ணி வரப்போவுது" என்று ஊர்க்காரர்களே செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள்.

இப்போது வாய்க்கால் தண்ணீர் கூடத்தின் பின்சுவரில் முட்டி, கீழத்தெருப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உப்புத் தின்ற இடம் அது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் யார் வாயெடுப்பது? தலையைக் குனிந்துகொண்டு மூட்டை சுமந்தார்கள்.

அம்மாள் கடப்பாரையை நீட்டினார்.

"நீங்க கட்டினது. நீங்களே தொடங்குங்க."

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் அம்மா."

"தெரியும் ஐயா."

"புயல் திசை மாறிப் போயிட்டா? இடிச்சது இடிச்சதுதானே?"

"ஆமா. இடிச்சது இடிச்சதுதான்."

நீட்டிய கடப்பாரையை அவர் இறக்கவில்லை.

கீழத்தெருப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையும் கையில் ஆட்டுக் கயிறுமாக மேட்டுக்கு ஏறி வந்தாள். இருவரையும் பார்த்தாள். பார்க்காதவள் போலக் கடந்து போனாள்.

சடையப்பர் அழுதார். வாய்விட்டே அழுதார். பிறகு கடப்பாரையை வாங்கி, முதலில் பெயர்க்கல்லை நெம்பி எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் சுவரில் இறக்கினார்.

சத்தம் கேட்டு, மூட்டை சுமந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளுக்கொரு கருவியோடு சேர்ந்துகொண்டார்கள். முன்சுவர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பின்சுவரும் விழுந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து, பந்தி பரிமாறிய தரையைக் கடந்து, பழைய தடத்தில் ஆற்றைப் பார்த்து ஓடியது.

மற்றவர்கள் கீழத்தெருவைப் பார்க்கப் போனார்கள். சடையப்பர் கல்லை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். காற்று பலமாக வீச ஆரம்பித்திருந்தது. நாச்சியாரம்மாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பேரை இனிமே எங்கம்மா வைக்கிறது?"

"விடியட்டும் ஐயா. பேரைப் படிக்க ஆள் மிஞ்சினா, எங்க வேணும்னாலும் வைக்கலாம்."