ஒரு பக்கம் தூக்கிய மூடி

கல்வராயன் மலையடிவாரத்தில் மங்கையர்க்கரசி அம்மாள் நடத்திவந்த ஆசிரமத்துக்கு மாசிலாமணி வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் மாசிலாமணி அவரை 'அம்மா' என்றுதான் அழைப்பார்.

ஆசிரமத்தில் ஒரே ஒரு லேப்டாப் இருந்தது. சங்கரன்கோவிலில் படுத்த படுக்கையாகக் கிடந்த தைலம்மை என்ற பழைய சிஷ்யை, குருவின் மாலைப் பேச்சை அதிலிருந்து போகும் வீடியோ அழைப்பில்தான் தினமும் பார்த்துவந்தாள். அதன் கீல் உடைந்தது. இதற்குப் போய் கடைக்கு அலைவதா என்று மாசிலாமணி தன் அறையிலேயே அதைப் பிரித்துப் புதுக் கீல் மாட்டினார். மூடாமலே கூடத்து மேஜையில் கொண்டுவைத்தார். அன்று நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் காலை மேஜையைத் துடைப்பதற்காக, சமையல் பொறுப்பில் இருந்த சிஷ்யன் குணசீலன் அதை மூடிவைத்தான். சாயங்காலம் திறந்தபோது திரை கறுத்துக் கிடந்தது.

மாசிலாமணி டார்ச் அடித்துப் பார்த்தார். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. படம் வருகிறது, பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனை அழுத்தினார். அணைத்துப் போட்டார். டிவியில் இணைத்துப் பார்த்தார், அதில் பளிச்சென்று வந்தது. ஆக, தன் வேலையில் குறை இல்லை என்று முடிவுகட்டினார்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னிலும் குணசீலனைப் பிடித்துக்கொண்டார். குணசீலன் நாற்பது வயதுக்காரன். எதையும் அடித்து மூடுகிறவனுக்கு ஒரு பொருளின் அருமை தெரியுமா, படுத்துக் கிடப்பவளின் ஒரே ஆறுதலையும் கெடுத்துவிட்டாயே என்று கேட்டார். மெதுவாகத்தான் மூடினேன் அண்ணே என்று அவன் ஒரு தடவை சொன்னான். பிறகு பேசவே இல்லை. அதுதான் மாசிலாமணிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தப்புச் செய்யாதவன் இப்படியா வாயை மூடிக்கொண்டு நிற்பான்?

அடுத்த நாள் கோபத்தில் காலைச் சாப்பாட்டுக்குக்கூட அவர் அறையைவிட்டு வரவில்லை. மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவனை எப்படி இங்கே வைத்திருக்கிறீர்கள்?"

குரு லேப்டாப்பை மூடி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயா, மூடி ஏன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது?"

"கீல் புதுசு. போகப் போகப் படிந்துவிடும்."

"அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?"

"அதை எதற்குப் பிரிக்க வேண்டும்? அது நான் என் கையால் மாட்டியது."

குரு லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

தன்னையே சந்தேகப்படுகிறாரே என்ற ஆத்திரத்தோடுதான் மாசிலாமணி ஸ்க்ரூக்களைக் கழற்றினார். திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பி எடுத்தார். திரைக்குப் போகும் வயர்கள் அவற்றுக்கான பள்ளத்தில் இல்லை. கீலின்மேல் ஏறிக் கிடந்தன. மூடியபோது கீல் அவற்றைக் கடித்திருந்தது. விளக்குக்குப் போகும் மெல்லிய வயர் அறுந்திருந்தது. பூப்போல மூடியிருந்தாலும் அறுந்துதான் இருக்கும்.

சால்டரிங் அயர்னை எடுத்துவந்து வயரைப் பற்றவைத்தார். டேப் சுற்றி, பள்ளத்தில் படியவைத்து மூடினார். திரையில் வெளிச்சம் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

"மூடி தூக்கியிருந்ததை நேற்றே பார்த்தீர்களா அம்மா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் நடுவில் என்னை அப்படிப் பேச விட்டுவிட்டீர்களே."

"தூக்கியிருந்தது தெரிந்தது. காரணம் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா."

மாசிலாமணி லேப்டாப்பை மெதுவாக மூடிவைத்தார். பிறகு குணசீலன் எங்கே என்று மெல்லக் கேட்டார். விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வந்து சொல்லிக்கொண்டான், ஆத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான் என்றார் குரு.

மாசிலாமணி அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்பர் இருக்கிறது அம்மா. தப்பு என்னுடையதுதான் என்று இப்போதே போனில் சொல்லிவிடுகிறேன்."

"அவனைத் திட்டியது போனிலா, ஐயா?"