சிங்கம் பிடித்த பேனர்

தாராபுரத்தில் பம்புசெட்டு விற்கிற நாச்சிமுத்து ஆப்பிரிக்காவுக்குப் போனது உண்மை. மொம்பாசாக் கடற்கரையில் நான்கு நாள் காலை நீட்டிப் படுத்திருந்ததும் உண்மை. ஒரு நாள் விடியற்காலையில் வேனில் ஏறி, வழிகாட்டி ஒருவனோடு காட்டு விலங்குகளைப் பார்க்கப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் கடற்கரைக்குத் திரும்பியதும் உண்மை. அதற்கு மேல் நடந்தது எல்லாம் ரங்கசாமியின் சலூனில்தான் நடந்தது.

பம்புக் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, நன்றாக விற்கிற டீலர்களை மொத்தமாக எங்காவது வெளிநாட்டுக்கு அழைத்துப் போவார்கள். இந்த வருஷம் இருபத்திரண்டு பேர். நாச்சிமுத்து ஊர் வந்து சேர்ந்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை மகளுக்கு நிச்சயம். பதினொரு மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தாய்மாமன் வந்து நிற்காமல் யாரும் தட்டைத் தொடமாட்டார்கள். அந்தத் தாய்மாமன் முகத்திலோ ஆறு நாள் தாடி. "துக்க வீட்டுக்காரன் மாதிரி வந்தீங்கன்னா வாசல்லயே நிறுத்திப்போடுவேன்" என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

நாச்சிமுத்து சலூனுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே முக்கால். நாற்காலியில் ஒருவர் தலை நிறையச் சாயத்தோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் மூன்று பேர். ரங்கசாமி கடையில் டோக்கன் கிடையாது, பெஞ்சுதான் வரிசை. நாற்காலிப் பக்கத்து நுனியில் இருக்கிறவர் அடுத்த ஆள். ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் நகர்ந்து உட்கார வேண்டும். நுனியில் ரிட்டயர்டு கண்டக்டர் தங்கவேல், அவரை ஒட்டி டிரில் வாத்தியார் லாரன்ஸ், அவருக்கு இந்தப் பக்கம் செல்போன் கடை சபீர். நாச்சிமுத்து கடைசியில் உட்கார்ந்தார்.

"கண்டக்டரே, எனக்குக் கொஞ்சம் அவசரமுங்க. மண்டபத்துக்குப் போகோணும். உங்க முறையை..."

"ஞாயித்துக்கெழமைல எல்லாருக்கும் அவசரந்தானுங்க. நான் எட்டு மணிக்கு வந்து உக்காந்தவன்" என்றார் தங்கவேல், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். முப்பது வருஷம் ஜனங்களைப் பஸ்ஸுக்குள்ளே தள்ளிப் பழகியவரை யாரும் தள்ளிவிட முடியாது.

அப்போது சபீர்தான் வாயைத் திறந்தான். "அண்ணா, ஆப்பிரிக்கா போனீங்களாமே. சிங்கம் பாத்தீங்களா?"

நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

"சிங்கம் கெடக்குது சபீரு. அது கடேசி. முதல்ல ஒட்டகச்சிவிங்கியில இருந்து வாறேன். கடற்கரைல இருந்து காட்டுக்கு மூணு மணி நேரம். எங்க சமையல்காரரு பொன்னையன் ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிசோறு கட்டிக் குடுத்துட்டு, அவரும் வேன்ல ஏறிட்டாரு. எந்த நாட்டுக்குப் போனாலும் கம்பெனி சமையல்காரரைக் கூடவே கூட்டிட்டு வந்துரும், தெரியுமல்ல? வேனுக்கு மேல்பக்கம் தொறந்திருக்கும், நின்னுட்டே பாக்கலாம். வழிகாட்டி ஒருத்தன், ஜூமான்னு பேரு. ‘சத்தம் போடாதீங்க, எறங்காதீங்க’ன்னான். நான் பொட்டலத்தைப் பிரிச்சேன் பாரு. மேல இருந்து ஒரு தலை எறங்குது. எறங்குது, எறங்குது, எறங்கிட்டே இருக்குது."

"கழுத்து நீளமாச்சே" என்றார் லாரன்ஸ் வாத்தியார், ஏதோ ஒத்தாசை செய்கிறவர்போல.

"வந்து என் பொட்டலத்துல வாயை வெச்சிருச்சு. தின்னதா? கறிவேப்பிலையை மட்டும் ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தின்னுட்டு, சோத்தை அப்படியே ஒதுக்கி வெச்சுட்டுது. எங்கூட்டுப் பசங்களுக்கு நேர் எதிர். வேன்ல இருந்த இருபத்திரண்டு பொட்டலத்துலயும் கறிவேப்பிலை காலி. அப்பறம் அது நாக்கை நீட்டி..."

நிறுத்தினார்.

"நாக்கை நீட்டி?" என்றான் சபீர்.

"தொண்டை கட்டிருச்சு சாமி. காத்து வரட்டும்னு பாக்குறேன். நீ இருக்கற எடத்துல ஃபேனு நல்லா வருதா?"

சபீர் எழுந்து இடத்தை மாற்றிக்கொண்டான். நாச்சிமுத்து ஒரு ஆள் முன்னேறினார்.

"நாக்கை நீட்டி என் கன்னத்தைத் தொடச்சு விட்டுச்சு. அந்த நாக்கு ஒன்றரை அடி. தொடச்ச எடத்துல மூணு நாளைக்கு மசுரே மொளைக்கலை. இந்தக் கன்னத்தைப் பாரு, தாடி கம்மியா இருக்குதா இல்லையா?"

சபீர் உற்றுப் பார்த்தான். ரங்கசாமியும் சீப்பை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். கம்மியாக இருப்பதுபோலத்தான் இருந்தது.

"அதுக்கப்பறம் யானை. எல்லாம் செவப்பு யானைங்க."

"பொய்!" என்றார் தங்கவேல், பேப்பரைத் தாழ்த்தி.

"என்னது?"

"யானை எங்காவது செவப்பா இருக்குமா? ஒட்டகச்சிவிங்கி கறிவேப்பிலை தின்னுச்சு, சரி, தின்னிருக்கும். செவப்பு யானைன்னா கேக்கறவன் கேனயனா?"

நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அந்தக் காட்டு மண் சிவப்பு. யானைகள் அதில் புரண்டு, அந்த நிறமாகவே திரியும். சத்தியம் செய்ய வாயெடுத்தார். மணியைப் பார்த்து விட்டுவிட்டார். நிஜத்துக்கு வக்கீலாக நிற்க நேரமில்லை.

"சரி, உங்களுக்காகக் கறுப்புன்னே வெச்சுக்குவோமுங்க. நாப்பது கறுப்பு யானை. ஒரு தண்ணித்தொட்டியைச் சுத்தி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க. தொட்டி காஞ்சு கெடக்குது. ஏன்னு கேளுங்க."

"ஏன்?" என்றார் லாரன்ஸ்.

"பக்கத்துல கெணறு. அதுல மோட்டார். மோட்டார் ஓடற சத்தம் கேக்குது, தண்ணி வல்ல. நான் வேன்ல இருந்தே காதைத் தீட்டிக் கேட்டேன். கேட்டதும் தெரிஞ்சு போச்சு, பைப்பு அடியில இருக்கற ஃபுட்வால்வு ஒழுகுது, பைப்புல காத்து பூந்துருச்சு. நம்ம பொழைப்பே அதுதானே! ஜூமா கையைப் புடிச்சு இழுக்குறான். ‘அட, உடு தம்பி, தண்ணிக்குத் தவிக்கற ஜீவனை உட்டுட்டு எப்படிப் போறது’ன்னு குதிச்சுட்டேன். மோட்டாரை நிறுத்தி, பைப்பு மூடியைக் கழட்டினேன். காத்து வெளிய போகோணும்னா பைப்பு நெறையத் தண்ணி ஊத்தோணும். கொடம் இல்ல, பக்கெட் இல்ல. திரும்பிப் பாத்தேன், பெரிய யானை ஒண்ணு என்னையவே பாத்துட்டு நிக்குது. நான் கையைக் காட்டி..."

மறுபடியும் நிறுத்தி, கால் மரத்துப்போனதுபோலத் தேய்த்துக்கொண்டார்.

"இப்ப என்னுங்க?" என்றார் லாரன்ஸ்.

"இல்லீங் வாத்தியாரே, பெஞ்சு இந்தப் பக்கம் ஆடுது. ஆடற பெஞ்சுல உக்காந்து யானையைப் பத்திப் பேச முடியாதுங்க."

லாரன்ஸ் பேசாமல் எழுந்து இந்தப் பக்கம் வந்தார். பெஞ்சு ஆடவில்லை என்பது அவர் உட்கார்ந்தபோதே தெரிந்தது. ஆனால் பாதியில் நிற்கிற யானையை அப்படியே விட்டுவிட்டு எந்த மனுஷனால் நியாயம் பேச முடியும்?

"கையைக் காட்டி, ‘ஊத்து’ன்னேன். எங்கயோ போச்சுது. ஒரு மைல் தள்ளி ஆறு. தும்பிக்கை நெறைய மொண்டுட்டு வந்து, ஒரு சொட்டுக் கீழ சிந்தாம, பைப்புல ஊத்துச்சு. நம்ம மெக்கானிக்கு வேலுச்சாமி ஊத்துனாப் பாதி அவன் சட்டைல ஊத்துவான். சுவிச்சைப் போட்டேன். குபுகுபுன்னு தண்ணி. தொட்டி ரொம்பி, காடெல்லாம் ஓடி, நீர்யானை பத்து, மொதலை எட்டு, வரிக்குதிரை எண்ண முடியலீங்க, எல்லாம் வந்துருச்சு. அடிச்சுக்கலை, புடிச்சுக்கலை. நம்ம ரங்கசாமி கடை மாதிரி வரிசைல நின்னு குடிச்சுதுங்க."

"அங்கயும் பெஞ்சு போட்டிருந்தாங்களாக்கும்" என்றார் தங்கவேல்.

நாற்காலியில் இருந்தவர் தலையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நாற்காலி காலியானது. மணி பத்து இருபது. தங்கவேல் பேப்பரை மடித்துவிட்டு எழப்போனார். நாச்சிமுத்து அவர் முழங்கையைத் தொட்டார்.

"அப்பறந்தானுங்க சிங்கம் வந்துச்சு."

தங்கவேல் பாதி எழுந்தபடி நின்றார்.

"எங்க கம்பெனிச் சட்டம் உங்களுக்குத் தெரியாது. எங்க போனாலும் கம்பெனி பேனரைப் புடிச்சுட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்போணும். பேனர் இல்லாத போட்டோவுக்கு மதிப்பில்லை. நயாகரா அருவியே பின்னால ஊத்துனாலும் பேனர் வேணும். ஜூமா தலைல அடிச்சுக்கறான், இருபத்திரண்டு பேரும் எறங்கிட்டோம். இருபதடி பேனர். இந்த முனையை நான் புடிச்சேன். அந்த முனையைப் புடிக்க வேண்டிய ஈரோட்டு ஆறுச்சாமி ஒதுங்கப் போயிட்டாரு. அந்தப் பக்கம் தொங்குது. கம்பெனி பேரே மடங்கிருச்சு. ‘யாராச்சும் புடிங்கய்யா’ன்னு கத்துனேன். புதர்ல சரசரன்னுது. பாத்தா, ஆண் சிங்கம். இத்தாம் பெரிய பிடரி. நேரா வந்து பேனர் முனையை வாயில கவ்வி, தலையைத் தூக்கி, கேமராவைப் பாத்து நின்னுது. ஜூமா போட்டோ எடுத்தான். எடுத்து முடிச்சதும் சிங்கம் பேனரைக் கீழ வெச்சுது. மெதுவா என்கிட்ட நடந்து வந்துச்சு. முன்னங்காலைத் தூக்கி இந்தத் தோள்ல வெச்சுது. வெச்சு..."

"வெச்சு?" என்றார் ரங்கசாமி.

நாச்சிமுத்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு தங்கவேலைப் பார்த்தார்.

தங்கவேலுடைய மூக்கு விடைத்தது. இந்த ஆள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை. ஆனால் தோள்மேல் கால் வைத்த சிங்கம் அடுத்து என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த உலகத்தில் இனி சவரம் செய்து என்ன பயன் என்றும் அவருக்குத் தோன்றிவிட்டது.

"போய் உக்காருங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "உக்காந்துட்டுச் சொல்லோணும்."

"பேஷாச் சொல்றனுங்க!"

நாச்சிமுத்து தாவி உட்கார்ந்தார். ரங்கசாமி துண்டைக் கட்டி, பிரஷ்ஷை எடுத்து, கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்துவரை நுரையை அப்பினார். நாச்சிமுத்து கதையைத் தொடர வாயைத் திறந்தார். பிரஷ் பாதி உள்ளே போயிற்று.

"பேசாதீங்கண்ணா. ஆறு நாள் தாடி, கத்தி புதுசு. அசைஞ்சீங்கன்னா நான் பொறுப்பில்லை" என்றார் ரங்கசாமி. கத்தி தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

பெஞ்சு காத்திருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

"இது ஏமாத்து வேலை" என்றார் லாரன்ஸ். "மூணு பேரு எடத்தையும் வாங்கிட்டு வாயை மூடிட்டாரு."

"போனாப் போகுது, மிச்சத்தை நான் சொல்றேன்" என்றார் தங்கவேல், காலை மடித்துப் போட்டுக்கொண்டு. "சிங்கம் தோள்ல காலை வைக்கவே இல்லை. அது புதருக்குள்ள இருந்து தும்முச்சு. தும்முன சத்தத்துக்கே நம்மாளு பேனரைச் சுருட்டித் தலையோட போத்திக்கிட்டு, வேன் சீட்டுக்கு அடியில பூந்துட்டாரு."

"ம்ம்ம்!" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்கறாரு" என்றார் ரங்கசாமி.

"சிங்கம் உள்ள எட்டிப் பாத்துச்சு" என்று லாரன்ஸ் பிடித்துக்கொண்டார். "பேனர்ல இருந்ததைப் படிச்சுது. ‘ரெண்டு வருஷம் கேரண்டி’ன்னு போட்டிருந்துச்சு. கேரண்டி உள்ள பொருளைக் கடிச்சுட்டு அப்பறம் யாரு கம்பெனிக்கு அலையறதுன்னு திரும்பிப் போயிருச்சு."

"ம்ம்! ம்ஹும்!"

"ஆடாதீங்கண்ணா!"

"அண்ணன் அழுதாருங்களா?" என்று கேட்டான் சபீர்.

"அழுதாராவா?" என்றார் தங்கவேல். "அவரு அழுத கண்ணீர்லதான் அந்தத் தொட்டியே ரொம்புச்சு. நாப்பது யானையும் அதைத்தான் குடிச்சுது. ஃபுட்வால்வெல்லாம் அப்பறம் சேத்தது. உப்புக் கரிக்குதுன்னு ஒரு யானை துப்பிப்போட்டுப் போச்சாம்."

நுரைக்கு மேலே நாச்சிமுத்துவின் கண்கள் மட்டும் உருண்டன. பேசினால் கழுத்து போகும். பேசாவிட்டால் மானம் போகும். மாலைக்குள் இது பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிடும், நாளைக்குப் பம்பு வாங்க வருகிறவனெல்லாம் சிரித்துக்கொண்டே வருவான். ஆனால் மண்டபத்தில் தட்டு காத்திருக்கிறது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தார். ரங்கசாமியும் கதை கேட்கிற சுகத்தில், ஒரு தடவை இழுக்க வேண்டிய இடத்தில் மூன்று தடவை இழுத்தார்.

துண்டை உதறியபோது மணி பத்து நாற்பது. முகம் மாப்பிள்ளைக்குப் போட்டியாகப் பளபளத்தது. பைக்கில் மண்டபம் பத்து நிமிஷம். நாச்சிமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பின்னால் சபீர் யாருக்கோ போன் போட்டுவிட்டான்.

"டேய், பம்புக்கடை நாச்சிமுத்தண்ணன் சிங்கத்தைப் பாத்துச் சீட்டுக்கு அடியில பூந்துட்டாராம்டா!"

நாச்சிமுத்து பைக்கில் சாவியைப் போட்டார். எடுத்தார். பொறுக்க முடியவில்லை. செருப்போடு உள்ளே திரும்பி வந்தார்.

"யாரைப் பாத்து என்ன பேசறீங்க? மூணு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க. சீட்டுக்கு அடியில நான் போகவே இல்லை! சத்தியமாப் போகலை! அங்க பொன்னையன், ஆறுச்சாமி, அந்த ஜூமா, மூணு பேரும் எனக்கு முன்னாலயே போய்ப் படுத்துட்டாங்க. எனக்கு எங்கய்யா எடமிருந்துச்சு?"

தங்கவேல் எழுந்து, நாற்காலியில் போய் நிதானமாகச் சாய்ந்து, கழுத்தை நீட்டினார்.

"எடமில்லீன்னா நின்னுட்டுத்தானுங்க வரோணும்" என்றார்.