கொடுக்கனை அழித்த பகல்

இடிமுகிலனுக்கும் கொடுக்கனுக்கும் நடக்கிற கடைசிச் சண்டை. அதை வரைந்து முடிக்க ஒரு பகல்தான் பாக்கி. அத்தோடு அந்தப் படக்கதைக்கு மங்களம் பாடிவிடுவார்கள்.

இடிமுகிலன் ஊரைக் காக்கிற வீரன். கொடுக்கன் தேள்வால் முளைத்த வில்லன். வீரனை வரைபவள் மங்கை, வில்லனை வரைபவள் ஸ்டெல்லா. இரண்டு பேரும் வாத்தியார் பூவராகனிடம் பென்சில் பிடிக்கக் கற்றவர்கள். காகிதத்தில் அவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்றால், வெளியே இவர்கள் மட்டும் இளைத்தவர்களா என்ன!

எல்லாம் ஒரு ஆண்டு மலர் அட்டையால் வந்த வினை. கொடுக்கனின் வால் குறுக்கே வந்து இடிமுகிலன் முகத்தை மறைத்துவிட்டது. மங்கை நாக்கில் நரம்பில்லாமல் ஸ்டெல்லாவை ஏதோ கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது, தலை நரைக்கத் தொடங்கியும் திரும்பவில்லை.

ஆனாலும் வேலை நடந்தது. ஸ்டெல்லா கொடுக்கனை வரைந்து தாளை வாத்தியார் மேசையில் வைப்பாள். மங்கை அதை எடுத்துப்போய் இடிமுகிலனை வரைவாள். வில்லன் முதலில், வீரன் பிறகு. அது வாத்தியார் வைத்த முறை. இரண்டு உடம்பு ஒட்டுகிற இடத்தில் ஒரே கோடுதான். முதலில் போட்டவள் போட்டதுதான், அதன்மேல் அடுத்தவள் கோடு போடக் கூடாது.

அன்று இடிமுகிலனையும் போட்டு முடித்த கடைசிப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மங்கை வாத்தியாரிடம் வந்தாள். ஸ்டெல்லா அடுத்த அறையில் இருந்தாள்.

"ஐயா, இதைப் பாருங்க. சாகப்போறவன் மூஞ்சியா இது? தோக்கவே மாட்டேங்கிறான். வேணும்னே பண்றா."

"சரி, உனக்கு என்ன வேணும்?"

"இந்த ஒரு பக்கம் முழுசையும் நானே போட்டுடறேன். அவ வேண்டாம்."

வாத்தியார் ரப்பரை எடுத்து நீட்டினார்.

"அவ போட்டதை அழிச்சிடு. உன் கோடு ஒண்ணுமேலகூட ரப்பர் படக் கூடாது. எது யார் கோடுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

வருஷக்கணக்கில் நெஞ்சில் கிடந்ததெல்லாம் கைக்கு வர, மங்கை அழுத்தித் தேய்த்தாள். கொடுக்கனின் கண் போயிற்று, தாடை போயிற்று, மார்பு போயிற்று, வாலும் போயிற்று. ரப்பர் தூளை வாயால் ஊதினாள்.

ஊதியவள் அப்படியே நின்றாள்.

இடிமுகிலனுக்கு முஷ்டியின் முன்பக்கத்தைக் காணோம். அது கொடுக்கனின் தாடைக் கோடு. ஒரு தோளும் இல்லை. அது கொடுக்கன் பிடித்திருந்த கையின் கோடு. எலி கடித்த சட்டைபோல அங்கங்கே திறந்து கிடந்தான் வீரன்.

"என்ன யோசனை? கோடு போட்டு மூடு" என்றார் வாத்தியார்.

மங்கை முஷ்டியை மூடிப் பார்த்தாள். புளி உருண்டையைப் பிடித்த மாதிரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதற்கு முந்தினதே தேவலை.

"வரலை ஐயா."

"வால் இருந்த இடத்தைப் பாரு."

அழித்த இடத்தில் பென்சில் அழுத்திய தடம் மட்டும் இருந்தது. மங்கை அதன்மேல் விரலை ஓட்டினாள். நேரே ஏறிய வால், இடிமுகிலன் முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வளைந்து, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"ஐயா, இதை அவ வரையும்போது முகமே கிடையாதே. நான் இன்னும் போட்டிருக்க மாட்டேனே."

"ஆமா."

"அப்போ, வரப்போற முகத்துக்கு இடம் விட்டிருக்கா."

"இந்தப் பக்கத்துல மட்டுமா?"

மங்கைக்குப் பழைய பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த அட்டைக்குப் பிறகு எந்தச் சண்டையிலும் வால் முகத்தின்மேல் விழவில்லை. அது தன் வாய்க்குப் பயந்து அவள் கொடுத்த மரியாதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பாவி மகள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழக்கம்போலத் தாளை வாத்தியார் மேசைமேல் வைக்கப் போனாள்.

"கொடுக்கன் திரும்ப வேணும் ஐயா. அதே மூஞ்சியோட. அவகிட்ட குடுத்திடுங்க."

வாத்தியார் மேசைமேல் இரண்டு கையையும் பரப்பி, தாள் வைக்க இடமில்லாமல் மறைத்துக்கொண்டு, அடுத்த அறைப் பக்கம் தலையை ஆட்டினார்.

"இன்னியோட கதை முடியுது, மங்கை. நாளைக்குக் கைமாத்த என்கிட்ட என்ன பக்கம் இருக்கும்?"