நிரம்பாத கருணை இல்லம்

குன்றையூரை ஆண்ட அதிகமாறனுக்குப் புகழ் என்றால் கொள்ளைப் பிரியம். தாயை இழந்து மலையடிவாரத்தில் அலறிக்கொண்டிருந்த கரடிக்குட்டி ஒன்றை ஒருமுறை அரண்மனைக்குத் தூக்கிவந்து பால் கொடுத்தான். அவ்வளவுதான். புலவர்கள் 'கருணைக் கடலே' என்று பாடித் தீர்த்தார்கள். மன்னனுக்குத் தலைகால் புரியவில்லை. அநாதைக் குட்டிகளுக்கென்று பளிங்கில் ஒரு கருணை இல்லமே கட்டிவிட்டான். வரிசை வரிசையாகக் கொட்டில்கள்! உள்ளே இருந்ததோ அந்த ஒரே கரடிக்குட்டி. தினமும் மேளதாளத்தோடு பால் புகட்டியதில், மேளம் கேட்டால்தான் அது வாயையே திறக்கும்.

அறுவடை முடிந்ததும் இல்லத்தைப் பார்க்க வருவதாகப் பக்கத்து நாட்டு அரசரிடமிருந்து ஓலை வந்தது.

"கொட்டிலெல்லாம் காலியாகக் கிடக்கிறதே! மானம் போய்விடுமே!" என்று மன்னன் பதறினான்.

"கவலை எதற்கு, மன்னா?" என்றார் அமைச்சர் பஞ்சவராயர். "நாளைக் காலையே வேட்டைக்குப் போகிறேன். புலி, கரடி என்று தாய்களை வீழ்த்தினால் குட்டிகள் அநாதையாகிவிடும். பிறகு நாம் காப்பாற்றிவிடலாம்."

"ஆகா, என்ன இரக்கம்!" என்றது சபை.

அரசவை விகடகவி விடங்கனுக்கு மட்டும் இந்த அநியாயம் பொறுக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் தலை தங்காது. "கொட்டில்களைத் தயார் செய்யும் வேலையை எனக்குக் கொடுங்கள், மன்னா" என்று மட்டும் கேட்டான். மன்னன் சம்மதித்தான்.

மறுநாள் காலை மன்னனும், வில்லும் கையுமாக அமைச்சரும் இல்லத்தை எட்டிப் பார்த்தார்கள். கொட்டில்தோறும் வைக்கோல்மேல் பிள்ளைகள்! முதல் கொட்டிலில் பால் கிண்ணத்தோடு அமைச்சரின் பிள்ளைகள். மற்றவற்றில் வேட்டைக்காரர்களின் பிள்ளைகள்.

"அடேய்! என் பிள்ளைகளை ஏண்டா இங்கே அடைத்தாய்?" என்று விடங்கனிடம் சீறினார் அமைச்சர்.

"அடைக்கவில்லை ஐயா, இடம் பிடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் போவது குட்டி போட்ட புலியிடம். நீங்கள் ஜெயித்தால் அதன் குட்டிகள் அநாதை. அது ஜெயித்தால் இவர்கள் அநாதை. எப்படியும் கொட்டில் நிரம்பிவிடும்!"

அமைச்சர் தன் பிள்ளைகளைப் பார்த்தார். வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

மன்னனுக்கு உறைத்தது. "வேட்டை வேண்டாம். ஆனால் வருகிறவரிடம் காலிக் கொட்டிலைக் காட்டி என்னடா சொல்வது?"

"'என் நாட்டில் அநாதைக் குட்டியே கிடையாது' என்று மார்தட்டுங்கள், மன்னா. வேறு எந்த அரசரால் அப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கரடிக்குட்டி ஒன்றுதான் இடிக்கிறது. கறையான் புற்றைத் தோண்டித் தின்னப் பழக்கிக் காட்டில் விட்டுவிட்டால் தீர்ந்தது."

"யார் பழக்குவது?"

"குட்டிகளுக்காக உயிரையே பணயம் வைக்கத் துணிந்த அமைச்சர் இருக்கிறாரே! முதலில் அவர் தின்று காட்டட்டும்."

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கழுத்து முத்துமாலை விடங்கனுக்குப் போனது. அமைச்சர் கைக்கு மண்வெட்டி வந்தது.