பதினோரு வருஷ மெழுகு

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு என்றால் பங்குச் சாமியார் சக்கரியாஸ். சீடர் வஸ்தியான், ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் மெஷின் பார்த்து ஓய்ந்தவர். பழைய உபதேசியார் தவக்காலத்தில் இறந்துபோனதால், அந்த மணல்மேட்டுக் கடற்கரைக் கோவிலில் சாமியாருக்கு உதவியாக நிற்கும் உபதேசியார் வேலை பழகிக்கொண்டிருந்தார்.

பக்திக்கு அவரிடம் குறைவே கிடையாது. விடியற்காலைப் பூசை ஒன்றைத் தவறவிட்டதில்லை. வெள்ளிக்கிழமை கறி வேண்டாம் என்றுதான் திருச்சபை சொல்கிறது, அவர் மீனையும் தொடமாட்டார்.

தம்பி கயித்தானோடு மட்டும் பேச்சு இல்லை. அடுத்த தெருதான். காரணம் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

"எங்கம்மாவை அவஸ்தைப்பூசுதல் இல்லாம அனுப்புனவன்."

அம்மா சாகக் கிடந்தபோது வஸ்தியான் வெளியூரில் இருந்தார். சாமியாரை அழைத்துவந்து எண்ணெய் பூசவைக்க வேண்டியவன் கயித்தான். அப்போதிருந்த சாமியார் அன்று ஊரில் இல்லை. கயித்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று ஊர் தேடி அலைந்து திரும்புவதற்குள் அம்மா போய்விட்டாள். மூன்று ஊர் அலைந்த கதையை வஸ்தியான் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பூசை முடிந்து அவர் சாமியாரிடம் கேட்டார்.

"சாமி, நான் கரையேறிருவேனா?"

"என்ன திடீர்னு?"

"எல்லாம் ஒழுங்காத்தான் செய்யுதேன். இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்லா."



"கல்லறைத் திருநாள் வரட்டும்" என்றார் சாமியார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை, வஸ்தியான் ஆத்துமாக்கள் பெட்டியைத் திறந்தார். இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி ஊர்ச்சனம் போட்டுவைக்கும் பெட்டி அது. மறுநாள் பூசையில் அத்தனை பெயர்களையும் உபதேசியார் வாசிக்க வேண்டும். அவருக்கு இதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கினார்.

நாற்பதாவது சீட்டோ என்னவோ, அதில் இப்படி இருந்தது.

பெயர்: வஸ்தியான். தகப்பனார்: சூசைநாயகம். இறந்த நாள்: ஆகஸ்ட் 17.

செபம் கேட்பவர் என்ற இடம் காலியாக இருந்தது.

ஊரில் வஸ்தியான்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. சூசைநாயகம் மகன் வஸ்தியான் ஒருவர்தான். முதலில் அவருக்குக் கோபம் வந்தது, எந்தப் பயலுடைய சேட்டை இது என்று. அப்புறம் தேதியைப் பார்த்தார். பக்கத்தில் எழுதியிருந்த வருஷத்தையும் பார்த்தார். பதினோரு வருஷம் முந்தியது. கோபம் போய்விட்டது.

அது அம்மாவின் முப்பதாம் நாள். அன்று கல்லறையில் செபம் முடிந்து எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, அவர் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். அடக்கத்தின்போது குழிக்குள் போடுவோமே, அதே மாதிரி. அதைத் தம்பியின் தலையில் போட்டார். "இன்னையோட நீ எனக்குச் செத்தாச்சு" என்றார். கயித்தான் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை, அப்படியே நின்றான்.

அன்று அங்கே வேறு யாரும் சாகவில்லை.

சீட்டை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலைப் பூசை. கோவில் நிறைந்திருந்தது. அவர் பெயர் சொல்லச் சொல்ல, சனங்கள் "ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்றார்கள். கடைசிச் சீட்டை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரு பேரு இருக்கணுமே" என்றார் சாமியார், பீடத்திலிருந்து.

"இல்ல சாமி. முடிஞ்சுது."

சாமியார் கையில் சீட்டு எதுவும் இல்லை. மனப்பாடமாகச் சொன்னார்.

"சூசைநாயகம் மகன் வஸ்தியான்."

"ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்றது கோவில்.

ஒரு தலை திரும்பவில்லை. ஒருவர் முணுமுணுக்கவில்லை. எதிரே நிற்கிற மனிதனை வைத்துக்கொண்டு அவனுடைய ஆத்துமத்துக்காக அத்தனை பேரும் வேண்டிக்கொண்டார்கள். அதைவிடக் கொடுமை, பழக்கதோஷத்தில் அவர் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. வஸ்தியான் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி அகப்படவில்லை. பதற்றத்தில் அகப்படாதுதான், ஆனாலும் பயந்துபோனார்.

பூசை முடிந்ததும் சாமியார் தீர்த்தச் செம்பை அவரிடம் நீட்டினார்.

"மணியடிக்க வேற ஆளு நிக்கட்டும். நீங்க என்கூட வாங்க."

கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது துக்கமணி அடிப்பது பல வருஷமாக அவர் வேலை. அம்மாவின் கல்லறைக்குக் காலையிலேயே போய்ச் சுத்தம் செய்து, பூப்போட்டு வந்துவிடுவார். சாயங்காலம் கயித்தான் வருவான் என்பதால் அந்த ஏற்பாடு அவருக்கு வசதியாகவும் இருந்தது. அதனால் இந்தப் பதினோரு வருஷத்தில் கல்லறைத் திருநாள் மாலையில் அந்த இடத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காற்று மணலை வாரிக்கொண்டிருந்தது. பாதிச் சிலுவைகள் இடுப்புவரை புதைந்திருந்தன. அணைந்து அணைந்து போகும் மெழுகுதிரிகளைப் பெண்கள் திரும்பத் திரும்பக் கொளுத்தினார்கள்.

அம்மாவின் கல்லறையில் இரண்டு திரி எரிந்தது. பக்கத்தில் சிலுவையில்லாத வெறும் மணல். அதிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒரு திரி எரிந்தது. அதற்கு ஒரு முழம் செவ்வந்திப் பூ சுற்றியிருந்தது.

சாமியார் நின்றார்.

"இங்க யாரு கிடக்கா, உபதேசியாரே?"

"யாருமில்ல சாமி. எனக்குன்னு விட்டுவச்ச இடம்."

சாமியார் குனிந்து திரியின் பக்கத்தில் மணலை விலக்கினார். போன வருஷத்து மெழுகு வந்தது. இன்னும் விலக்கினார். அடியில் பழுத்துப்போன மெழுகு, அதற்கும் அடியில் கறுத்துப்போன மெழுகு. மணல் ஒவ்வொரு வருஷத்தையும் மூடி வைத்திருந்தது.

"அஞ்சு வருஷமா நானும் இதுக்குத் தீர்த்தம் தெளிக்கேன்" என்றார். "வருஷா வருஷம் சீட்டும் வரும். பழைய உபதேசியாரு அதை வாசிக்காம என் கையில குடுத்துருவாரு. உங்க மனசு கஷ்டப்படும்னு."



"யாரு கொளுத்துறா சாமி?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே வஸ்தியானின் கண் கல்லறைத் தோட்டத்து வாசல் பக்கம் போய்விட்டது. அங்கே நரைத்த தலையோடு கயித்தான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் மண்ணள்ளிப் போட்டது அவன் மேலல்லா" என்றார் வஸ்தியான்.

"அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

வஸ்தியான் ஒரு கையால் தன் தலையைத் தடவிப் பார்த்தார், மண் இருக்கிறதா என்று. செம்பில் தீர்த்தம் தளும்பி அவர் கால்மேல் விழுந்தது. திரும்பிச் சாமியார் முகத்தைப் பார்த்தார்.

"சாமி, நான் உசுரோடதான இருக்கேன்?"

சாமியார் அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? அந்தா, உங்க தம்பி வாசலைத் தாண்டப் போறாரு. அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க."