முதலாளியின் வெள்ளைச் சட்டை

சூலூர் மில் முதலாளி வேலுமாணிக்கம் பறக்கவிடும் குட்டி விமானங்களைச் செய்வது வேலைக்காரி தெய்வானை. அவரோ ஊரில், "எல்லாம் நானே செஞ்சது" என்பார்.

குட்டி விமானப் போட்டியன்று அவளை அதட்டினார்: "எரிபொருள்ல விளக்கெண்ணெய் கலந்து என் வெள்ளைச் சட்டையைக் கறையாக்காதே. அதுக்காக எண்ணெய் இல்லாம எஞ்சின் இறுகி நின்னுச்சுன்னா, உனக்கு வேலை இல்ல!"

தெய்வானை எண்ணெயைத் தாராளமாகக் கலந்தாள். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "பயப்படாதீங்க மொதலாளி, இது பொய் சொல்றவங்க சட்டையில மட்டுந்தானுங்க ஒட்டும்."

விமானத்தின் புகைக்குழாயை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு எஞ்சினை முடுக்கினாள். சட்டையெங்கும் எண்ணெய்ப் புள்ளிகள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"றெக்கை மட்டும் இவ செஞ்சது!" என்றார் அவசரமாக.

எண்ணெய் இன்னும் தெறித்தது.

"வாலும் இவதான்!"

மீசையிலும் தெறித்தது.

"அடியே, முழுசும் நீதான் செஞ்சே!"

தெய்வானை கையை எடுத்தாள். விமானம் ஜம்மென்று வானேறியது.